‘சால்வ்’ போடும் முன் காரணி பாருங்கள்

அன்புள்ள ஐயா,

கால்சைட் படிகத்துக்குள் ஒளி போகும் விதத்தை மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து, எழுத்துகளாகவே கணக்குப் போடும் சிம்பை (SymPy) மென்பொருளில் வருவிக்கப் பார்த்தேன். படிகம் மின்புலத்துக்குத் திசைக்குத் திசை எப்படி இணங்குகிறது என்று சொல்லும், ஒன்பது உறுப்புகள் கொண்ட பெர்மிட்டிவிட்டி டென்சரைக் கொடுத்து, சமன்பாட்டைத் தீர்க்கும் ‘சால்வ்’ கட்டளையைப் போட்டதும் பக்கம் பக்கமாக வர்க்கமூலங்கள் கொட்டின. பேசாமல் எண்களைப் போட்டுத் தீர்த்தால் போதாதா?

— ஓர் இயற்பியல் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

எண் போட்டால் விடை வரும். ஏன் அப்படி வந்தது என்பது வராது.

முதலில் அச்சுகளைத் திருப்புங்கள். கால்சைட் போன்ற ஒளிபுகும் படிகத்தில் டென்சர் சமச்சீரானது. ஆகவே ஒன்பதில் ஆறுதான் தனித்தவை. படிகத்தின் முதன்மை அச்சுகளில் எழுதினால் மூலைவிட்டத்தில் மூன்றே மிஞ்சும், கால்சைட்டில் அதிலும் இரண்டு சமம். தனித்து நிற்கும் மூன்றாவதன் அச்சுதான் ஒளியச்சு. ஒளி போகும் திசையை ஒளியச்சு அடங்கிய ஒரு தளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அச்சைச் சுற்றி எல்லாத் திசையும் ஒன்றுதான் என்பதால் பொதுத்தன்மை கெடாது.

அப்புறம் ‘சால்வ்’ வேண்டாம். அலைச் சமன்பாட்டு அணியின் அணிக்கோவையை எடுத்து, காரணிப்படுத்தும் ‘ஃபாக்டர்’ கட்டளையைப் போடுங்கள். ஆறாம் படி உறுப்புகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், இரண்டு காரணிகள் நிற்கும். ஒன்று கோளம்: எந்தத் திசையிலும் ஒளிவிலகல் எண் 1.658. மற்றது நீள்கோளம்: ஒளியச்சு வழியே 1.658, அதற்குச் செங்குத்தாக 1.486. பார்த்தோலின் 1669-இல் ஐஸ்லாந்துக் கால்சைட்டில் கண்டு எழுதிய இரட்டை உருவம் இந்த இரண்டு காரணிகள்தான். இதை முதன்முறை திரையில் பார்த்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அரகோனைட் என்ற இன்னொரு படிகத்தில் மூலைவிட்டத்தின் மூன்று உறுப்புகளும் வெவ்வேறு, காரணி உடையாது. சரி, ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்தை ஒரே மாறியாக வையுங்கள், இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதன் தன்மைக்காட்டி எந்தத் திசைகளில் பூஜ்யமாகிறது என்று கேளுங்கள். இரண்டே அச்சுகள் வரும். அங்கே இரண்டு ஒளிவிலகல் எண் பரப்புகளும் புள்ளியில் தொட்டுக்கொள்வதை வைத்துத்தான், ஒளிக்கதிர் கூம்பாக விரியும் என்று ஹாமில்டன் 1832-இல் காகிதத்திலேயே சொன்னார். விரைவிலேயே லாயிட் அதை அரகோனைட்டில் கண்டார். வெறும் எண்களால் தேடினால் கட்டங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி நழுவிவிடும்.

பல அடுக்குப் படலங்கள் வந்தால் நானும் எண்களுக்குத்தான் போவேன். அங்கே நாற்படிச் சமன்பாட்டின் மூலங்களை எழுதி வைத்து யாருக்கும் பயனில்லை.

ஒன்று மறக்காதீர்கள்: மாறிகளை மிகை எண்கள் என்று முதலிலேயே அறிவியுங்கள். இல்லாவிட்டால் வர்க்கத்தின் வர்க்கமூலத்தைக்கூட சிம்பை சுருக்காது. அந்தப் பக்கங்களில் பாதி அதனால்கூட வந்திருக்கலாம்.