அன்றைக்கு ராத்திரி அண்ணனின் பாய் காலியாக இருந்தது

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 55 வயது. பெங்களூர் அல்சூரை ஒட்டிய மர்ஃபி டவுனில் பிறந்து வளர்ந்தவள். 1981 ஏப்ரலில் ஒரு ராத்திரி என் அண்ணன் மொட்டை மாடியில் படுத்திருந்தான். அப்போது அவனுக்கு 19 வயது. விடியற்காலையில் தெருக்கோடி காலிமனையில் உட்கார்ந்திருந்தவனைப் பால்காரர்தான் கூட்டி வந்தார். "வெளிச்சம் வந்துச்சு, கைகால் அசையல, குட்டையா மூணு பேர் தூக்கிட்டுப் போனாங்க" என்றான். பூசாரியை வரவழைத்து வேப்பிலையால் அடித்தார்கள். தெருவில் பைத்தியம் என்று பெயர். பேசி முடித்த சம்பந்தமும் நின்றுபோனது.

எனக்கு அப்போது 11. அந்த ராத்திரி வெக்கை தாங்காமல் நானும் மாடிக்குப் போனேன். தைல மரங்களுக்கு மேலே நீல வெளிச்சம், சத்தமே இல்லை. அண்ணனின் பாய் காலி. தலைமாட்டுச் செம்பு கவிழ்ந்து கிடந்தது, தண்ணீர் சில்லென்று என் காலில் பட்டது. கீழே ஓடிவந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டேன். மறுநாள் அப்பா கேட்டபோது "நான் ஒண்ணும் பாக்கல" என்றேன். 44 வருஷமாக அதுதான் என் பதில்.

போன மாதம் பாஸ்ககூலா சம்பவத்தைப் படித்தேன். 1973 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஆற்றங்கரையில் மீன் பிடித்த இருவர், தங்களை யாரோ விண்கலத்துக்குள் கொண்டுபோனதாகச் சொன்னார்கள். எதிர்க்கரையில் இருந்த ஒரு தம்பதி, தாங்களும் நீல வெளிச்சத்தைப் பார்த்ததாக 2019 வாக்கில்தான் வெளியே சொன்னார்களாம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அண்ணன் இப்போது ஒரு யூடியூப் சேனலில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறான். "உனக்கெதுக்கு பாப்பா இதெல்லாம்" என்கிறான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டுமா? மகளுக்கு வரன் பார்க்கிறோம், வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். அதைவிட, நான் நிஜமாகவே பார்த்தேனா, அண்ணன் சொல்லக் கேட்டுக் கேட்டு வந்த நினைப்பா என்றே பயமாக இருக்கிறது.

— ஒரு தங்கை, பெங்களூர்

அன்புள்ள சகோதரி,

வேப்பிலை அடியைப் படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்ன அண்ணனுக்கு என்ன கிடைத்தது என்பதைக் கண்ணால் பார்த்த 11 வயதுக் குழந்தை வாயை மூடிக்கொண்டது. அதைத் துரோகம் என்று இத்தனை வருஷம் சுமந்திருக்கிறீர்கள். அது பயம், அம்மா. வேறொன்றும் இல்லை.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. 1961இல் அமெரிக்காவில் பெட்டி ஹில், பார்னி ஹில் என்ற தம்பதியும் வேற்றுக்கிரகவாசிகளால் கடத்தப்பட்டதாகச் சொன்னார்கள். 1964இல் அவர்களை மனோவசியத்தில் ஆழ்த்திக் கேட்ட மருத்துவர் பெஞ்சமின் சைமன், இருவரும் பொய் சொல்லவில்லை என்றே கருதினார். ஆனால் மனைவி கண்ட கனவுகள்தான் கணவரின் நினைவாக மாறியிருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி நடக்கும். நீங்கள் பார்த்த வெளிச்சம் நீலம், பாஸ்ககூலா தம்பதி சொன்னதாக நீங்கள் படித்ததும் நீலம். படிப்பதற்கு முன்பும் உங்கள் நினைவில் அது நீலமாகத்தான் இருந்ததா? நிதானமாக யோசியுங்கள். தெரியவில்லை என்றால் 'வெளிச்சம்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செம்புத் தண்ணீர் விஷயம் வேறு. அண்ணன் அதைச் சொல்லிக் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. உங்கள் காலில் பட்ட தண்ணீர் அது. அதற்காகவே சொல்கிறேன், இன்று ராத்திரியே ஒரு நோட்டில் தேதி போட்டு, நினைவிருப்பதை மட்டும் எழுதுங்கள். அதுவரை இதைப் பற்றி வேறு எதையும் படிக்க வேண்டாம். மனோவசியம் செய்து மீதியை வரவழைக்கிறேன் என்று யாராவது வந்தால் கட்டாயம் மறுத்துவிடுங்கள்.

அது என்ன வெளிச்சம் என்று என்னால் சொல்ல முடியாது. ஹெச்ஏஎல் விமான ஓடுதளம் உங்கள் பகுதியிலிருந்து சில கிலோமீட்டர்தான், விமான வெளிச்சமாகவும் இருந்திருக்கலாம். கைகால் அசையாமல், யாரோ அருகில் நிற்பதுபோல் தோன்றுவதை நம் ஊரில் அமுக்குவான் என்பார்கள். மூளை விழித்த பிறகும் உடம்பு கனவுத் தூக்கத்திலேயே கிடக்கும் நிலை அது. ஆனால் காலியான பாய்க்கு அமுக்குவான் மட்டும் பதிலாகாது. ஒன்று நிச்சயம். ஹார்வர்டில் உளவியலாளர் ரிச்சர்டு மெக்னாலியின் குழு 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கடத்தப்பட்டதாக நம்பிய 10 பேருக்கு அவரவர் அனுபவத்தையே பதிவு செய்து கேட்க வைத்தார்கள். பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குப் போலவே அவர்களுக்கும் நெஞ்சு படபடத்தது, வியர்த்தது. நடந்தது எதுவானாலும் அண்ணன் பட்ட வேதனை நிஜம்.

கேமரா அப்புறம் இருக்கட்டும். முதலில் அண்ணனிடம் தனியாகச் சொல்லுங்கள், போன்கூட பக்கத்தில் வேண்டாம். பாஸ்ககூலாவில் மீன் பிடித்த இருவரில் ஒருவர் கால்வின் பார்க்கர், அப்போது 19 வயதுப் பையன். அவர் தன் கதையைப் புத்தகமாக எழுத 2018 வரை ஆனது. உங்கள் அண்ணனும் அப்படித்தான் காத்திருக்கிறார். அவருக்கு வேண்டியது ஊர் பார்க்கும் சாட்சியா, தங்கை வாயால் ஒரு வார்த்தையா என்று அவரே சொல்லட்டும். மகளிடமும் கேளுங்கள், அவளுடைய கல்யாணப் பேச்சு இது. சேனலில் பேசுவதாக இருந்தால் வெளிச்சம், பாய், செம்பு, அவ்வளவுதான். "அது என்ன?" என்று கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம்.

தூக்கமின்மை நீடித்தால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அண்ணனைப் பார்க்கப் போகும்போது செம்பைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். தலைமாட்டில் என்னென்ன இருந்தது என்று மட்டும் கேளுங்கள். அவரே சொல்லட்டும்.

அன்புடன்,
ஆலோசகர்