தங்கவயல் போர்வெல்லில் செந்நீர்: சுரங்க அமிலமா, வெறும் இரும்பா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அப்பா தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய மனை, சயனைடு மலைக்கு (தங்கம் எடுத்த பின் கொட்டிய பாறை மாவுக் கழிவு மேடு) அரைக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வீடு கட்டலாம் என்று போர் போட்டோம். தண்ணீர் தெளிவாக வருகிறது. பக்கெட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் செம்மண் கரைத்த மாதிரி ஆகிவிடுகிறது. “சுரங்கத்து ஆசிட்” என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இன்னும் ஆழமாகப் போட்டால் சரியாகுமா? அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்களுக்கும் இந்தத் தொல்லை இருந்ததா?

பதில்: பக்கெட்டில் நீங்கள் பார்த்தது இரும்பு. காற்று படாத ஆழத்தில் கரைந்து கிடந்த இரும்பு, வெளியே வந்து காற்று பட்டதும் துருவாகிறது. சுரங்கமே இல்லாத ஊர்களிலும் போர்வெல்லில் இப்படி வரும். ஆகவே சிவப்பு என்றாலே ஆசிட் என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் இதன் மறுபக்கமும் உண்டு. கடும் அமில நீரில் இரும்பு படியாமல் கரைந்தே கிடக்கும் என்பதால், அது பளிங்கு போலவும் தெரியலாம். நிறத்தை வைத்து எந்தப் பக்கமும் சாய முடியாது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணை அளந்தால்தான் தெரியும்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்.

சுரங்க அமிலம் பிறப்பது பைரைட் என்ற கனிமத்தில். இரும்பும் கந்தகமும் சேர்ந்த, தங்கம் போலவே மினுக்கும் கல் அது. பூமிக்குள் இருக்கும் வரை சாது. வெட்டி எடுத்துக் காற்றும் நீரும் படவிட்டால் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் கிடைக்கும். அப்புறம் இந்த இரும்பையே தின்று வாழும் நுண்ணுயிரிகள் சேர்ந்துகொண்டு வேலையைப் பல மடங்கு வேகமாக்கிவிடும். வெயிற்காலத்தில் இப்படிப்பட்ட கழிவு மேடுகளின் ஓரத்தில் வெள்ளையும் மஞ்சளுமாக உப்பு பூக்கும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதியின் உறவுக்கார உப்புகள் அவை. முதல் மழையில் மொத்தமும் கரைந்து ஓடும்.

பழங்காலச் சுரங்கக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஸ்பெயினின் தென்மேற்கில் ரியோ டின்டோ என்றொரு ஆறு. பெயருக்குச் சாயமேறிய ஆறு என்று பொருள். அதன் கரையில் சுமார் 5000 ஆண்டுகளாகச் சுரங்க வேலை நடந்திருக்கிறது. நீர் செக்கச் சிவப்பு, பிஎச் கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாறு அளவு. 1556-ல் வெளியான, ஜெர்மன் அறிஞர் அக்ரிகோலாவின் சுரங்க நூலிலேயே, தாது கழுவிய நீர் ஓடைகளைக் கெடுத்து மீன்களைக் கொல்கிறது அல்லது விரட்டுகிறது என்ற புகார் பதிவாகியிருக்கிறது. அதே நீரில் காசு பார்த்தவர்களும் உண்டு. மயில்துத்தம் என்ற செம்பு உப்பு கரைந்த சுரங்க நீரில் பழைய இரும்பைப் போட்டால் அதன் மேல் செம்பு படியும். சோங் வம்சக் காலத்துச் சீனாவில் இதைத் தொழிலாகவே செய்தார்கள்.

நம் பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, வெடிக்க வைத்துத் தங்கம் எடுத்தார்கள். தண்ணீரை இறைத்து மாளாது என்பதால், அந்தக் காலத்தில் பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான் வேலை. அங்கே இயற்கையே பல யுகங்களாகப் பைரைட்டைத் துருவாக்கி முடித்திருக்கும். அமிலம் எப்போதோ கழுவிப் போய்விட்டது. மிஞ்சியது செந்துருப் பாறையும் தங்கமும். அந்தச் செந்நிறம்தான் அவர்களுக்கு வழிகாட்டி.

1880-ல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி தங்கவயலுக்கு வந்த பிறகு நிலைமை மாறியது. 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம், ஓயாத பம்பு, பாறையை மாவாக அரைக்கும் ஆலை. கல்லாகக் கிடக்கும் பைரைட்டைவிட மாவாகக் கிடப்பது எத்தனையோ மடங்கு காற்றைப் பிடிக்கும். என் கணிப்பில் நீங்கள் கவலைப்பட வேண்டியது காலடியில் இருக்கும் சுரங்கத்தைப் பற்றியல்ல. 2001 பிப்ரவரி 28-ல் மூடிய பிறகு அதில் நீர் நிரம்பிவிட்டது. நீருக்கடியில் காற்று குறைவு, அமிலமும் மெதுவாகத்தான் பிறக்கும். வெளியே சயனைடு மலையாகக் கொட்டிக் கிடக்கும் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட அந்த மாவுதான் பிரச்சினை.

மாவிலிருந்து தங்கத்தைக் கரைத்தெடுக்கப் பயன்பட்ட சயனைடைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். வெயிலிலும் காற்றிலும் பல பத்தாண்டுகளில் அது பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆலையில் அதோடு சுண்ணாம்பும் சேர்த்திருப்பார்கள். அது தீரும் வரை அமிலமும் அடங்கியிருக்கும். நான் அதிகம் யோசிப்பது ஆர்சனிக் என்ற நஞ்சைப் பற்றி. தங்கவயல் தாதுவில் அதுவும் உண்டு. அமிலமே இல்லாத நீரிலும் ஆர்சனிக் கரையும்.

சரி, செய்ய வேண்டியது. பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, அந்த இடத்திலேயே பிஎச் பாருங்கள். குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். பாட்டிலில் பிடித்து பெங்களூருக்குக் கொண்டு வந்து அளந்தால் எண் மாறிவிடும். ஆரம்ப காலத்தில் நானே ஒருமுறை சாதாரண பாட்டிலில் பிடித்து, மறுநாள் லேபில் கொடுத்தேன். இரும்பெல்லாம் அடியில் படிந்திருக்க, மேலே தெளிந்ததைச் சோதித்து “இரும்பு இல்லை” என்று ரிப்போர்ட் வந்தது. தப்பு என்னுடையது. உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டில், சயனைடுக்குக் காரம் விட்ட தனி பாட்டில் என்று லேபிலேயே கேட்டு வாங்குங்கள்.

லிட்டருக்கு சல்பேட் 200 மில்லிகிராம், இரும்பு 1, சயனைடு 0.05, ஆர்சனிக் 0.01 என்பவை இந்தியத் தர வரம்புகள். பிஎச் சரியாக இருந்தும், கந்தக அமிலம் நீரில் விட்டுப்போகும் சல்பேட் மட்டும் எகிறினால், பிறந்த அமிலத்தை வழியிலுள்ள பாறை அடக்கிவிட்டது, ஆனால் மேட்டின் கசிவு உங்கள் போர் வரை வருகிறது என்று சந்தேகிக்கலாம். கோடையில் ஒன்று, முதல் பெருமழைக்குப் பின் ஒன்று என்று இரண்டு சோதனை தேவை. ரிப்போர்ட் வரும் வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர். ஆர்.ஓ. மெஷினை நேராக மாட்டினால் இரும்பு அதை அடைத்துவிடும்; முன்னால் இரும்பு ஃபில்டர் வேண்டும்.

இன்னும் ஆழமாகத் தோண்டுவதை நான் சொல்ல மாட்டேன். கடினப் பாறையில் விரிசல் வழியே மேலே உள்ளதும் கீழே போகும். அதோடு கோலார் மாவட்டத்தில் ஃப்ளோரைடு பழைய தலைவலி, அதையும் 1 மில்லிகிராம் வரம்புக்குச் சோதியுங்கள்.

வீடு கட்டும் விஷயத்தில், பிஎச் 6-க்குக் கீழே போனால் அந்தத் தண்ணீரில் கான்கிரீட் கலக்கக் கூடாது. அஸ்திவார மண்ணிலும் சல்பேட் பாருங்கள். அதிகமிருந்தால் அதைத் தாங்கும் சிமென்ட் தனியாக உண்டு, எஞ்சினியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சயனைடு மலை மண்ணை மலிவாக லோடு அடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், மனை மேடாக்கக்கூட வாங்காதீர்கள்.