நிலத்தடி அரக்கனின் பிறப்பும் வளர்ப்பும்: கேள்வி பதில்

கதைக்கோ விளையாட்டுக்கோ மண்ணுக்கடியில் அரக்கன் வளர்ப்பவர்களின் கேள்விகளும், மண்வாழ் உயிர்களை அறிந்தவரின் பதில்களும்.

கே: என் அரக்கப் புழு முட்டையிலிருந்து ஆறே மாதத்தில் முழுசாக வளர்ந்துவிடலாமா?

ப: முடியாது. மண்ணுக்கடியில் தீனி குறைவு, செலவு அதிகம். ஒரு மீட்டர் நடப்பதைவிட ஒரு மீட்டர் வளை தோண்ட 360 முதல் 3,400 மடங்கு சக்தி பிடிக்கும் என்று வளைவாழ் கொறிணிகளை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். வட அமெரிக்கச் சில்வண்டுகளில் சில இனங்கள் வேர்ச்சாற்றை உறிஞ்சிக்கொண்டு 13 அல்லது 17 வருஷம் உள்ளேயே கிடக்கின்றன. 20 செ.மீ. ஆழத்தில் மண் சுமார் 18 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால்தான் கூட்டமாக மேலே வரும். விரல்நீளம்கூட இல்லாத பூச்சிக்கே இந்தப் பாடு! உங்கள் புழுவுக்கு 40 வருஷமாவது கொடுங்கள். அது மேலே வர வெப்பம், மழை என்று ஒரு சமிக்ஞையும் வையுங்கள். பௌர்ணமி மட்டும் வேண்டாம், அடியில் நிலா தெரியாது.

கே: என் புழு இரண்டு மீட்டர் தடிமன், ஒரு நாளைக்கு ஒரு கிலோமீட்டர் தோண்டும். சரிதானே?

ப: தோண்டிய மண் எங்கே போகும்? 3,140 கன மீட்டர். கன மீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 4,700 டன்னுக்கு மேல். உதிர்த்த மண் உப்பவும் செய்யும், பின்னால் தள்ளி அடைத்தாலும் மிஞ்சும். நாளைக்குப் பத்து மீட்டர் போதும், அதற்கே 47 டன். தாய் தோண்டிய வளையைப் பிள்ளைகள் சுவீகரிப்பதாக வைத்தால் செலவு மிச்சம்.

கே: கண் தேவையில்லை, பயன்படுத்தாததால் மறைந்துவிட்டது என்று எழுதியிருக்கிறேன்.

ப: பயன்படுத்தாததால் எதுவும் மறையாது. கண் என்பது செலவு. மெக்சிகோ குகைமீனின் கண்ணுள்ள உறவினத்தில், ஒரு கிராம் எடையுள்ள மீன் ஓய்வில் எரிக்கும் சக்தியில் சுமார் 15 சதவீதம் பார்வைக்கே போகிறது. இருட்டில் கண் சிறுத்துப் பிறந்தது அதை மிச்சம் பிடித்து அதிகம் பிழைக்கும், தலைமுறை தலைமுறையாகக் கண் மறையும்.

கே: அப்படியானால் குஞ்சுக்கும் கண் இருக்கக்கூடாதே?

ப: ஏன் கூடாது? ஐரோப்பியக் குகைகளில் வாழும் ஓல்ம் என்ற நீர்நிலவாழ் உயிரி கண்ணோடுதான் பொரிக்கிறது. சில மாதங்களில் கண் குன்றித் தோலுக்கடியில் புதைந்துவிடும். வளரும் கருவில் கண் உருவாகும் வழி அப்படியே இருக்கிறது, பிறகுதான் கைவிடப்படுகிறது. குஞ்சு பார்ப்பதும் தாய் பார்க்காததும் கதைக்கும் நல்ல தீனி.

கே: விஷம் எப்படி வைக்கலாம்?

ப: பாம்பு தெரிந்தவரைக் கேளுங்கள்.

கே: என்னுடையது நாளைக்கு ஐந்து கிலோமீட்டர்...

ப: மண் எங்கே?

கே: கழிவை என்ன செய்யும்? வளை நாறாதா?

ப: நல்ல கேள்வி. குழியானையைப் பாருங்கள், அது இறக்கையுள்ள ஒரு பூச்சியின் இளம்புழு. மணலில் கூம்பாகக் குழி பறித்து அடியில் கிடக்கும். விளிம்பில் எறும்பு கால் வைத்தால் மணல் சரியும், ஏறப் பார்த்தால் தலையால் மணலை எத்தி மறுபடி வீழ்த்தும். எறும்பின் உள்ளிருப்பதைக் கரைத்துக் குடிக்கும். ஆனால் குடலின் பின்பக்கம் அடைப்பு! சேர்ந்த திடக்கழிவு இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேறும்.

கே: அதேபோல என் புழுவும் தோண்டிய மண்ணையெல்லாம் தின்று உள்ளேயே வைத்துக்கொண்டால்?

ப: நாளைக்கு 47 டன். மூன்றாம் நாள் வெடிக்கும்.