மலைத் தாவரச் சமூகங்களை உயரத்தை வைத்து மட்டும் வகைப்படுத்த முடியுமா?

கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரத்தை மட்டும் கொண்டு மலைத் தாவரச் சமூகங்களை (ஓரிடத்தில் சேர்ந்து வளரும் தாவர இனங்களின் கூட்டங்களை) பிரித்தால் போதாதா, வேறு முறைகள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பொறுத்தவரை போதாது என்பேன். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய அடிவாரச் சரிவுகளில் முட்காடு இருக்கிறது. மேற்கே கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போனால் அதிக உயரம் ஏறாமலே ஈரமான பசுமைமாறாக் காட்டுக்குள் நுழைந்துவிடலாம். இங்கே மழையும் காற்றும் உயரத்துக்குச் சற்றும் குறையாத காரணிகள்.

வனவியலாளர்களான சாம்பியனும் சேத்தும் தந்த, வனத்துறை வழக்கமாகப் பின்பற்றும் வகைப்பாடு (1968) தட்பவெப்பத்தையும் காட்டின் தோற்றத்தையும் கொண்டு இந்தியக் காடுகளை 16 பெருந்தொகுதிகளாகப் பிரிக்கிறது. வரைபடத்துக்கும் நிர்வாகத்துக்கும் இது பயன்படும். ஆனால், ஒரே பெயருக்குள் அடங்கும் இரண்டு பள்ளத்தாக்குகளில் மரங்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை இதனால் சொல்ல முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பாஸ்கல், மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளை அவற்றில் சிறப்பாகக் காணப்படும் மரங்களின் பெயராலேயே பிரித்தார். நடுத்தர உயரத்தில் வெடிப்பலா, நாங்கு, பலாக்வியம் ஆகிய மூன்றும் சேர்ந்த காடு அவற்றுள் ஒன்று. களத்தில் நிற்பவருக்கு இது கூடுதல் பொருள் தரும் என்பது என் கருத்து.

இதைவிட நுணுக்கமானது பிரௌன்-பிளாங்கே என்ற தாவரவியலாளரின் பெயரால் வழங்கும் முறை. சீரான ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்குள்ள எல்லாத் தாவரங்களையும் மரம், புதர், தரைச்செடி என அடுக்குவாரியாகப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பை மூடுகிறது என்பதற்கு 5, 25, 50, 75 விழுக்காட்டு எல்லைகளின்படி மதிப்பெண் இடுவார்கள். பிறகு பல இடங்களின் பட்டியல்களை ஒரே அட்டவணையில் அருகருகே வைத்து, சேர்ந்தே வரும் இனங்கள் ஒன்றாகத் திரளும்வரை வரிசைகளை மாற்றிக்கொண்டே போவார்கள். 'சீரான இடம்' எது என்பதை ஆய்வாளரின் கண்ணே முடிவு செய்கிறது என்ற குறை இதற்கு உண்டு. அட்டவணையைக் கையால் அடுக்குவதில் வரும் சார்பைக் குறைக்க, 1979-இல் ஹில் உருவாக்கிய ட்வின்ஸ்பான் போன்ற கணினி நிரல்கள் உதவின. (கணினி பிரித்துத் தந்ததாலேயே அந்த எல்லை காட்டில் இருக்கிறது என்று நம்பிவிடுவோர் ஏராளம்.)

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைகளை ஆராய்ந்து 1956-இல் சூழலியலாளர் விட்டேக்கர் வெளியிட்ட ஆய்வு இந்த எல்லைகளையே கேள்விக்குள்ளாக்கியது. ஒவ்வொரு இனமும் உயரம், ஈரம் ஆகியவை மாற மாறத் தன் போக்கில் கூடிக் குறைகிறதே தவிர, கூட்டமாக ஒரு கோட்டில் நின்றுவிடுவதில்லை என்று அவர் காட்டினார். ஆகவே வகைப்பாட்டோடு, இடங்களை ஈரம், உயரம் போன்ற அச்சுகளில் வரிசைப்படுத்தும் பகுப்பாய்வையும் சேர்த்தே செய்வது நல்லது.

நீங்கள் இங்கே ஆய்வு செய்வதாக இருந்தால், வனத்துறை அனுமதி பெற்றபின், மழை மிகுந்த சரிவிலும் மழை குறைந்த சரிவிலும் ஒரே உயரத்தில் சம அளவுள்ள கட்டங்களை (தாவரங்களைக் கணக்கெடுக்க அளந்து குறித்த நிலப்பகுதிகளை) அமையுங்கள். மரச் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்திலும், பலகை வேர் (அடிமரத்திலிருந்து பலகைபோல் புடைத்து நிற்கும் வேர்) உள்ள மரங்களில் அவ்வேருக்கு மேலேயும் அளவிடுங்கள். சரிவு நோக்கும் திசை, மண்ணின் ஆழம், முன்பு மரம் வெட்டிய தடம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர்த் தோட்ட விளிம்பை ஒட்டிய கட்டங்களைத் தனியாக வைக்காவிட்டால், மனிதர் உண்டாக்கிய வேறுபாடு புதியதொரு தாவரச் சமூகமாக அட்டவணையில் வந்து நிற்கும்.