பட்டம் இல்லாமல் ஜேர்மனி போகலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 31 வயது. பட்டப்படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டேன். ராஜகிரியவில் ஐந்து வருடமாக மென்பொருள் வேலை. பம்பலப்பிட்டியில் ஓர் ஏஜென்சிக்காரர், "ஜேர்மனியில் ஐ.டி. ஆட்களுக்குத் தட்டுப்பாடு. பட்டமும் வேண்டாம், மொழியும் வேண்டாம், 12 இலட்சம் தந்தால் அனுப்புகிறேன்" என்கிறார். அம்மா நகையை அடகு வைக்க நிற்கிறா. நம்பலாமா?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தம்பி, முதலில் நகை அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும்.

அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. அதுதான் சிக்கலே. 2023 நவம்பரிலிருந்து பட்டமில்லாத ஐ.டி. ஆட்களுக்கும் ஜேர்மனி நீல அட்டை (அங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி) கொடுக்கிறது. கடைசி ஏழு வருடத்துக்குள் மூன்று வருட அனுபவம் வேண்டும், அதுவும் பட்டதாரி செய்யும் தரத்தில். ஆறு மாதத்துக்காவது வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். சம்பளம், 2025 கணக்கில், வருடத்துக்கு 43,759.80 யூரோவுக்குக் குறையக் கூடாது என்றிருந்தது. மொழிச் சான்றிதழ் கேட்பதில்லை. சரி, இதில் ஏஜென்சிக்காரர் தருவது எது? அனுபவம் உம்முடையது, ஒப்பந்தம் அங்குள்ள கம்பனி தருவது. 12 இலட்சம் எதற்கு?

நான் போனது 2001இல், ஐ.டி. ஆட்களுக்கு ஜேர்மனி கொடுத்த பழைய 'பச்சை அட்டை'யில். 2000 ஓகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. 20,000 பேர் வரை, ஐந்து வருடம் மட்டும். பட்டமில்லாதவனுக்கு வருடத்துக்கு ஒரு இலட்சம் மார்க் சம்பளம் தரக் கம்பனி சம்மதிக்க வேண்டும். எனக்கும் பட்டம் இல்லை. (அப்போது அங்கே ஓர் அரசியல்வாதி "இந்தியருக்குப் பதில் பிள்ளைகள்" என்று தேர்தல் கோஷம் போட்டார். கொழும்புக்காரன் என்றால் யாருக்கு விளங்கும், நானும் அந்தக் கணக்கில்தான்.) அவ்வளவு சம்பளம் தரப்போகிறவன், நீ என்ன செய்தாய் என்று கேட்பான்தானே? என் பழைய கம்பனி தந்த சேவைக் கடிதத்தில் இரண்டே வரி: இன்ன திகதி சேர்ந்தார், இன்ன திகதி விலகினார். திருத்தி வாங்க மூன்று மாதம் அலைந்தேன்.

ஆகவே வேலையை விட முன்னரே விரிவான கடிதம் கேளும். பதவிப் பெயர் மட்டும் போதாது. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன திட்டம், எந்தக் கணினி மொழியில் எழுதினீர், எதற்குப் பொறுப்பு, எல்லாம் வரவேண்டும். சேமலாப நிதிக் கூற்றையும் பத்திரப்படுத்தும். விபரமெல்லாம் 'மேக் இட் இன் ஜேர்மனி' என்ற அவர்களின் அரச இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

மொழி விடயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேளாதீர். விசாவுக்குத் தேவையில்லைதான். ஆனால் கந்தோர்க் கடிதம் வருவதும் ஜேர்மனில், வீட்டுக்காரர் குப்பைத் தொட்டிக்காகச் சண்டை பிடிப்பதும் ஜேர்மனில். நீல அட்டைக்காரருக்கு ஜேர்மன் மொழியில் ஏ1 (ஆரம்பப் படி) இருந்தால் 27 மாதத்தில் நிரந்தர வதிவிடம் கேட்கலாம், பி1 (நடுப் படி) இருந்தால் 21 மாதத்தில். கொழும்பு 7இல் ஜேர்மன் மொழி படிப்பிக்கும் கோத்தே நிலையம் இருக்கிறது, அந்த 12 இலட்சத்தில் சிறு பங்கு போதும்.

அப்புறம், அந்த ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தைக் கேட்டு வாங்கி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சரிபாரும். அனுமதிப்பத்திர இலக்கம் தரத் தயங்கினாரோ, அடுத்த முறை அந்தப் படி ஏறாதீர்.