கணக்கில் சேரும் நாட்கள்

வணக்கம்.

உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எனக்கு 38 வயது. ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை செய்கிறேன். எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்கள். மனைவி, ஒன்பது வயது மகள். வேறொரு நாட்டில் நீண்ட காலம், முடிந்தால் நிரந்தரமாகவே, வாழலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். வேறொரு நாட்டில் இருந்துகொண்டே இப்போதைய வேலையைச் செய்ய விடும் டிஜிட்டல் நோமாட் விசாதான் சுலபம் என்கிறார் ஏஜென்ட் ஒருவர். முதலில் சுற்றுலா விசாவில் போய் இறங்கு, மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். மேல்படிப்புக்குப் போவது பாதுகாப்பு என்கிறார் இன்னொருவர். கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, முதலீடு செய்தால் கிடைக்கும் கோல்டன் விசாவுக்கு எட்டுமா தெரியவில்லை. எது சரியான வழி? பிறகு அம்மாவையும் அழைத்துக்கொள்ள முடியுமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

‘முடிந்தால் நிரந்தரமாகவே’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று ஆண்டு வெளியே இருந்துவிட்டு வர நினைப்பவருக்கும், அங்கேயே தங்கிவிட நினைப்பவருக்கும் ஒரே விசா பொருந்தாது. ஏஜென்ட் ‘சுலபம்’ என்று சொல்வது விசா கிடைப்பதை. ஆறாவது ஆண்டில் உங்கள் நிலை என்ன என்பதை அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

எந்த விசாவைக் காட்டினாலும் கேட்க வேண்டியது இதுதான்: இதில் நான் கழிக்கும் நாட்கள் நிரந்தர வசிப்புரிமைக்கான (பிஆர்) கணக்கில் சேருமா? சேரும் விசாக்கள் உண்டு, பாதி சேருபவை உண்டு, எத்தனை ஆண்டு இருந்தாலும் ஒரு நாள்கூடச் சேராதவையும் உண்டு. விளம்பரங்களில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்.

நோமாட் விசாவையே எடுத்துக்கொள்வோம். தாய்லாந்து 2024 ஜூலையில் டிடிவி என்ற விசாவைக் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டு செல்லும், ஒவ்வொரு நுழைவுக்கும் 180 நாள் தங்கலாம், சேமிப்பில் 5 லட்சம் பாட் காட்ட வேண்டும். நல்ல விசாதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஐந்து ஆண்டும் முடிந்தபின் நீங்கள் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். அங்கே பிஆருக்கான பாதை முற்றிலும் வேறு. ஜப்பான் அதே ஆண்டு வசந்தத்தில் தொடங்கியது இன்னும் குறுகலானது. ஆண்டு வருமானம் 1 கோடி யென் வேண்டும், தங்கல் ஆறே மாதம், நீட்டிப்பு கிடையாது, வசிப்பு அட்டையும் தர மாட்டார்கள். ஸ்பெயின் 2023இல் தொடங்கியது அப்படியில்லை. அது முறையான வசிப்பு அனுமதி. ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தால் நீண்டகால வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மூன்றையும் நோமாட் விசா என்றே எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் ஏஜென்ட் எந்த நாட்டினுடையதைச் சொன்னார்?

உங்கள் வயதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புள்ளி போட்டுத் திறன் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வயதுக்கான புள்ளிகள் 30இலிருந்து ஆண்டுதோறும் இறங்கி 45இல் பூஜ்யமாகிவிடும். ஆஸ்திரேலியாவின் புள்ளி அடிப்படையிலான திறன் விசாக்களுக்கு அழைப்பு வரும்போது 45 வயது ஆகியிருக்கக் கூடாது. கணக்கில் சேராத விசாவில் ஐந்து ஆண்டு கழித்தால் உங்களுக்கு 43. அந்தக் கதவுகள் ஏறக்குறைய மூடியிருக்கும். நான் நோமாட் விசாவைப் பற்றித் தயங்குவது முக்கியமாக இதனால்தான். 28 வயதுக்காரர் கேட்டிருந்தால் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள் என்றே சொல்லியிருப்பேன்.

சுற்றுலா விசா யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் 29, அத்தனைக்கும் சேர்த்து எந்த 180 நாளிலும் 90 நாள்தான். பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தொடங்காது. ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தைய 180 நாளைத் திரும்பிப் பார்த்து எண்ணுவார்கள். முன்பு பாஸ்போர்ட் முத்திரையைத் தேடி எண்ணியது அதிகாரியின் கண். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் கைரேகையும் முகமும் பதிவாகி, கணினியே எண்ணிவிடுகிறது. அனுமதித்த நாளைத் தாண்டித் தங்கியது (ஓவர்ஸ்டே) ஒருமுறை பதிவானால் அடுத்த விண்ணப்பத்தில் அது முன்னால் வந்து நிற்கும். தவிர, உள்ளே இருந்தபடியே சுற்றுலா நிலையை வேறு விசாவாக மாற்றப் பல நாடுகள் விடுவதில்லை. திரும்பிப் போய்த் தூதரகத்தில் வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் மனைவியும் மகளும் அந்த நிச்சயமின்மையில் எப்படி இருப்பார்கள்? ஊரைப் பார்த்துவிட்டு வர மட்டும் அந்த விசாவைப் பயன்படுத்துங்கள். போனால் சீசன் இல்லாத மாதத்தில் போங்கள், மழையிலோ குளிரிலோ. வெயில் மாதத்தில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

கோல்டன் விசா பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. பிரிட்டன் 2022இலும் அயர்லாந்து 2023இலும் முதலீட்டு வழியை மூடிவிட்டன. போர்ச்சுகலில் வீடு வாங்கி விசா பெறும் வழி 2023 அக்டோபரோடு போனது. ஸ்பெயின் 2025 ஏப்ரலில் நிறுத்தியது. துபாய் உள்ளிட்ட அமீரகத்தில் 20 லட்சம் திர்ஹாம் சொத்துக்குப் பத்து ஆண்டு விசா கிடைக்கும், புதுப்பிக்கலாம். ஆனால் அது புதுப்பித்துக்கொண்டே போகும் விசாதான். ‘கொஞ்சம் சேமிப்பு’ என்று நீங்களே எழுதியிருப்பதால் சொல்கிறேன், அதை அப்படியே வைத்திருங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் முதல் ஆறு மாதத்துக்கு அது தேவைப்படும்.

வாடகை, ஓய்வூதியம் போன்ற வருமானத்தைக் காட்டி வாங்கும் விசாக்களும் கண்ணில் பட்டிருக்கும். போர்ச்சுகலின் டி7, ஸ்பெயினின் ‘நோன் லுக்ரேட்டிவ்’. இரண்டாவதில் வேலை செய்யக் கூடாது என்பதே நிபந்தனை. சம்பளக்காரரான உங்களுக்கு அது இல்லை.

படிப்பு பாதுகாப்பு என்று சொன்ன நண்பரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: யாருக்குப் பாதுகாப்பு? பிரிட்டனில் 2024 ஜனவரிக்குப் பிறகு சேரும் முதுகலை மாணவர்கள், ஆய்வுப் படிப்பாக இருந்தாலொழிய, குடும்பத்தை டிபென்டென்ட்டாக அழைத்து வர முடியாது. மாணவராகக் கழித்த காலம் வேலை விசாவின் ஐந்தாண்டுக் கணக்கிலும் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமைச் சட்டம் படிப்புக் காலத்தைப் பாதியாக எண்ணுகிறது. உங்களிடம் பட்டமும் அனுபவமும் இருக்கும்போது, கட்டணம் கட்டி மறுபடி மாணவராவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டம் இல்லையென்றால் கதை வேறு.

மிச்சம் இருப்பது சலிப்பூட்டும் வழி: அந்த நாட்டிலேயே ஒரு வேலை. அதைத்தான் சொல்வேன். ஜெர்மனியில் திறன் பணியாளர்களுக்கான புளூ கார்டு என்ற அனுமதியை வாங்கியவர் 27 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறியிருந்தால் 21 மாதத்தில். மென்பொருள் துறையில் பட்டம் இல்லாவிட்டாலும், கடந்த ஏழு ஆண்டில் மூன்று ஆண்டு அதே தரத்து அனுபவம் இருந்தால் ஏற்கிறார்கள். மனைவியும் தடையில்லாமல் வேலைக்குப் போகலாம். நீங்கள் இப்போது பார்க்கும் ரிமோட் வேலையை விட வேண்டியிருக்கும், அது தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கிருந்தும் செய்யலாம் என்று இன்று தந்த அனுமதியை நிறுவனம் அடுத்த ஆண்டே திரும்ப வாங்கலாம். அன்று உங்கள் நோமாட் விசாவும் சேர்ந்து ஆட்டம் காணும்.

எந்த வழியில் போனாலும், கிடைத்ததைக் காப்பாற்ற அங்கே உடம்போடு இருக்க வேண்டும். கனடாவின் பிஆர் நிலைக்க எந்த ஐந்து ஆண்டிலும் 730 நாள் உள்ளே இருந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் ஐந்தாண்டுக் கணக்கில், தொடர்ந்து ஆறு மாதமோ மொத்தம் பத்து மாதத்துக்கு மேலோ வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்துபோகும். அம்மாவைப் பார்க்க அடிக்கடி வருவீர்கள் என்றால் இதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வரி தனி விஷயம். 183 நாள் ஒரு நாட்டில் இருந்தால் அங்கே வரி கட்டும் வசிப்பாளர் ஆவது பரவலான விதி. விசா தருபவர் வரியைப் பற்றிப் பேச மாட்டார், நீங்கள்தான் ஒரு கணக்காளரிடம் கேட்க வேண்டும்.

அம்மா விஷயம் கடினம். உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பிரிட்டனில் பெற்றோருக்கான வழி, நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்பட்டு அது சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபித்தால்தான் திறக்கும். கனடாவில் நீங்கள் பிஆர் ஆனபின் பெற்றோருக்கான சூப்பர் விசா கேட்கலாம், ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம், ஆனால் அவர் விருந்தாளியாகத்தான் இருப்பார். ஜெர்மனி, 2024 மார்ச் 1க்குப் பிறகு முதன்முதலாக அனுமதி பெற்ற திறன் பணியாளர்கள் பெற்றோரை அழைக்க வழி செய்திருக்கிறது. மருத்துவக் காப்பீடும் வாழ்க்கைச் செலவும் உங்கள் பொறுப்பு. வயதானவருக்கு அந்தக் காப்பீடு கிடைப்பதுதான் உண்மையான தடை. நாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதன் விலையை விசாரித்துவிடுங்கள்.

மகளுக்கு ஒன்பது வயது என்பது சாதகம். ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் 18 வரை, கனடாவில் 22க்குள் இருந்தால் பிள்ளைகள் உங்களோடு சேர்ந்து வருவார்கள். அதற்குள் நிரந்தர நிலை வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவள் தனியாக விசா தேட வேண்டியிருக்கும். விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டன் நிரந்தர வசிப்புரிமைக்கான தன் ஐந்தாண்டுக் காத்திருப்பைப் பொதுவாகப் பத்தாக நீட்டப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. அதனால் ஏஜென்ட் சொல்வது எதுவாக இருந்தாலும், அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் நீங்களே ஒருமுறை படித்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவே இல்லை. அதை யோசிக்கும்போதே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். உங்கள் பட்டச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், மூவரின் பாஸ்போர்ட் ஆகியவற்றில் பெயர்கள் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாறியிருந்தால் திருத்தும் வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். அப்போஸ்டில் (சான்றிதழ்களை வெளிநாட்டில் ஏற்க வைக்கும் அத்தாட்சி), மொழிபெயர்ப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.