வெளியே வருவது எது? – வர்க்கமூலத்தைச் சுருக்குவது பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ‘ஜோடி சேர்ந்தவை மூலக்குறிக்கு வெளியே வந்துவிடும்’ என்று சொல்லித் தருகிறேன். ஆயினும் √72-ஐச் சுருக்கச் சொன்னால் சிலர் 3√8 என்று நிறுத்திவிடுகிறார்கள். சிலர் 5√2 என்றும், வேறு சிலர் 36√2 என்றும் எழுதுகிறார்கள். பிசகு எங்கே நேர்கிறது?
– ஓர் ஆசிரியை, தென்காசி

பதில்: மூன்று விடைகளையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். 3√8 என்று எழுதிய மாணவர் தவறு எதுவும் செய்யவில்லை. 72-இல் 9 என்ற முழு வர்க்கத்தைக் கண்டு பிரித்தவர், எஞ்சிய 8-க்குள் இன்னொரு 4 இருப்பதைப் பார்க்காமல் பாதி வழியில் நின்றிருக்கிறார். ‘உள்ளே இன்னும் முழு வர்க்கம் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேட்டாலே 3 × 2√2 = 6√2 என்று முடித்துவிடுவார். 5√2 எழுதியவர், வெளியே வந்த 2-ஐயும் 3-ஐயும் பெருக்குவதற்குப் பதிலாகக் கூட்டியிருக்கிறார். 36√2 எழுதியவரோ, தாங்கள் சொன்ன விதியைச் சொல்லுக்குச் சொல் கடைப்பிடித்தவர். ஜோடி வெளியே வரும் என்றதால் இரண்டு 2-களையும் இரண்டு 3-களையும் வெளியே கொண்டுவந்துவிட்டார்.

ஆகவே, ஜோடி விதியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு முதலில் பரப்பளவிலிருந்து தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கட்டத்தாளில் ஒரு சிறு கட்டத்தின் மூலைவிட்டத்தைப் பக்கமாகக் கொண்டு ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள். அதன் பரப்பு 2 சதுர அலகு என்பதை அரைக்கட்டங்களை எண்ணியே மாணவர்கள் கண்டுகொள்வார்கள். எனவே அதன் பக்கம் √2. இப்போது அதே போன்ற சதுரங்கள் நான்கை இரண்டுக்கு இரண்டாக அடுக்கினால் பரப்பு 8 ஆகிறது. பக்கமோ நான்கு மடங்காகாமல் இரண்டு மடங்குதான் ஆகிறது. √8 = 2√2 என்பதை விதி ஏதுமின்றிக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

72 என்பது பரப்பு 2 உடைய 36 சதுரங்கள். அவற்றை வரிசைக்கு ஆறாக ஆறு வரிசைகளில் அடுக்கினால் ஒரு பெரிய சதுரம் கிடைக்கும். அதன் பக்கம் 6√2. 36√2 என்று எழுதியவர் எல்லாச் சதுரங்களையும் ஒரே வரிசையில் நீட்டி வைத்துவிட்டார் என்பதும், 5√2 எழுதியவரின் அடுக்கில் 25 சதுரங்களுக்கு மட்டுமே இடம் உண்டு என்பதும், 3√8 எழுதியவர் பரப்பு 8 உடைய ஒன்பது சதுரங்களை மூன்றுக்கு மூன்றாகச் சரியாகவே அடுக்கியிருக்கிறார் என்பதும் இந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்த்த பிறகு ஜோடி விதியைச் சொன்னால், ஜோடிக்கு ஓர் எண் மட்டும் ஏன் வெளியே வருகிறது என்று மாணவர்களே விளக்குவார்கள்.

விடையை வர்க்கப்படுத்திச் சரிபார்க்கும் வழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே வலியுறுத்துங்கள். (6√2)² = 36 × 2 = 72. 5√2 என்றால் 50 வரும், 36√2 என்றால் 2592 வரும்.

கேள்வி: √1058 என்ற கணக்கில் என் மகன் 2-ஆல் வகுத்து 529 வரை வந்தான். 3, 5, 7 ஆகியவை வகுக்காததால், சுருக்க முடியாது என்று விட்டுவிட்டான். இன்னும் எதுவரை வகுத்துப் பார்க்க வேண்டும்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: வகுத்தது போதும், தங்கள் மகன் நிறுத்திய இடம் சரியானதே, ஆனால் அந்த இடத்தில் செய்ய வேண்டிய ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. 529 ஒற்றை எண். 3, 5, 7 ஆகியவையும் அதை வகுக்கவில்லை. ஆகவே அதன் பகாக் காரணி ஒவ்வொன்றும் 11 அல்லது அதற்கு மேற்பட்டதாகவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட மூன்று காரணிகள் இருந்தால் பெருக்கற்பலன் குறைந்தது 11 × 11 × 11 = 1331 ஆகிவிடும்; 529 அதைவிடச் சிறியது. எனவே 529 ஒரு பகா எண்ணாகவோ, இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கமாகவோ, ஒரு பகா எண்ணின் வர்க்கமாகவோதான் இருக்க முடியும். மூன்றாவது நிலையில் மட்டுமே சுருக்க வழி உண்டு என்பதால், அது முழு வர்க்கமா என்று மட்டும் பார்த்தால் போதும். 23² = 529. ஆக, விடை 23√2.

அடுத்து வகுக்க வேண்டிய பகா எண்ணின் கனம், எஞ்சியிருக்கும் எண்ணைத் தாண்டிவிட்டால் வகுப்பதை நிறுத்திவிட்டு முழு வர்க்கச் சோதனைக்குப் போய்விடலாம் என்பதே இதன் பொது வடிவம். ஆண்டு எண்களில் பழகிப் பார்க்கச் சொல்லுங்கள், நல்ல பயிற்சி கிடைக்கும்: √2023 = 17√7, √2025 = 45, √2028 = 26√3. ஆனால் √2026 சுருங்காது. 2-ஆல் வகுத்தால் வரும் 1013-ஐ 3, 5, 7 வகுப்பதில்லை, 31²-க்கும் 32²-க்கும் இடையில் இருப்பதால் அது முழு வர்க்கமும் அன்று.

கேள்வி: கால்குலேட்டர் இருக்கும்போது இந்தச் சுருக்கல் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்களே?
– ஓர் ஆசிரியர், ஈரோடு

பதில்: √50 + √18 என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதுங்கள். பலர் √68 என்பார்கள். கால்குலேட்டரில் போட்டால் கூட்டுத்தொகை ஏறத்தாழ 11.31, √68 ஏறத்தாழ 8.25, விடை தவறு என்பதை அந்தக் கருவி காட்டிவிடும், ஆனால் சரியான விடை எந்த எண்ணின் வர்க்கமூலம் என்பதை அந்தத் தசமங்களைப் பார்த்துச் சொல்வது கடினம். சுருக்கி எழுதினால் 5√2 + 3√2 = 8√2, அதாவது √128 என்று துல்லியமாகக் கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் பாஸ்கரர் கரணி என்ற பெயரில் இத்தகைய மூலங்களைக் கூட்டவும் கழிக்கவும் விதிகள் தந்திருக்கிறார்.

எல்லா இடத்திலும் சுருக்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. 5√2 பெரிதா, 4√3 பெரிதா என்று கேட்டால், இரண்டையும் உள்ளே தள்ளி √50, √48 என்று எழுதுவதே சுலபம். இந்தத் திரும்பிச் செல்லும் பயிற்சிக்கு வகுப்பில் ஒரு பாடவேளையாவது ஒதுக்குங்கள். கூடவே √2 + √3 போல ஒன்றாகச் சேர்க்கவே முடியாத கணக்கு ஒன்றையும் கொடுத்து, ஏன் சேர்க்க முடியவில்லை என்று மாணவர்களையே எழுதச் சொல்லுங்கள்.